பழைய லாரியில் பவர் ஸ்டியரிங் கோளாறு: கண்டுபிடிப்பது முதல் சரிசெய்வது வரை

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய லாரியில் ஸ்டியரிங் இறுகிவிட்டது என்றதும் பல பட்டறைகளில் முதலில் கை போவது ஸ்டியரிங் பாக்ஸில்தான். இறக்கு, சீல் கிட் போடு, ஏற்று. பில்லும் கணிசமாக வரும். வெளியே வந்து முதல் திருப்பத்திலேயே டிரைவருக்குத் தெரிந்துவிடும், இறுக்கம் அப்படியேதான் இருக்கிறது என்று. கோளாறு கிங் பின்னில் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணி) இருக்க, பாக்ஸைப் பிரித்து என்ன பயன்?

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காசு செலவாகாத சோதனைகள் முதலில், பாக்ஸ் கடைசியில். நம் ரோட்டில் ஓடும் லேலண்ட், டாடா வண்டிகளில், ஆறு சக்கரமோ பத்துச் சக்கரமோ, இருக்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்குக்கு இது பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

ஆயில் டப்பாவிலிருந்து பம்பு ஆயிலை இழுத்து, அழுத்தம் தாங்கும் ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பாக்ஸின் வாயிலில் இருக்கும் டார்ஷன் பார் என்ற மெல்லிய தண்டு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் வால்வு திறந்து, பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு ஆயில் பாயும். பிஸ்டன் செக்டார் ஷாஃப்ட் என்ற பல் வைத்த தண்டைத் திருப்ப, அதன் முனையில் உள்ள டிராப் ஆர்ம் என்ற கை டிராக் லிங்க் என்ற கம்பியைத் தள்ள, சக்கரம் திரும்புகிறது. வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியே டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

பம்பு செத்தாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு அறுந்துபோவதில்லை. கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று கனத்தால் பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிவிடலாம்.

டிரைவரிடம் கேட்க வேண்டியவை

ஸ்பேனரை எடுக்குமுன் வண்டியை ஓட்டுகிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "ஸ்டியரிங் டைட்டா இருக்கு" என்று அவர் சொல்வதற்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும்.

இரண்டு பக்கமும் கனமா, ஒரு பக்கம் மட்டுமா? இரண்டு பக்கமும் என்றால் ஆயில், பம்பு, கிங் பின், டயர் காற்று. ஒரு பக்கம் மட்டும் என்றால் பாக்ஸின் உள்வால்வு, பிஸ்டன் சீல், அல்லது அந்தப் பக்கத்து லிமிட்டர் வால்வு (கடைசி முனையில் அழுத்தத்தை இறக்கிவிடும் வால்வு). ஐடிலில் கனமாக இருந்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் லேசாகிறதா? பம்பு தேய்ந்திருக்கலாம், ஐடில் வேகமே குறைவாக வைக்கப்பட்டிருக்கவும் கூடும், அதையும் பாருங்கள். மெதுவாகத் திருப்பினால் சரி, வேகமாக ஒடித்தால் மட்டும் கையைப் பிடிக்கிறதா? ஆயில் போதுமான அளவு வரவில்லை. பெல்ட்டில் ஓடும் பம்பு என்றால் பெல்ட் வழுக்குகிறது. வளைவு முடிந்த பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லையா? இது பெரும்பாலும் ஹைட்ராலிக் கோளாறே இல்லை. காய்ந்துபோன கிங் பின், ஸ்டியரிங் காலத்தில் (வீலிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டு) இறுகிய யுனிவர்சல் ஜாயின்ட், அல்லது யாரோ பாக்ஸ் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கிவைத்தது, இந்த மூன்றில் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று: இது எப்போது தொடங்கியது, அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? முன் டயர் மாற்றிய மறுநாள், கிங் பின் வேலை முடிந்த வாரம், புதுப் பம்பு போட்ட மாதம் என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

டயரும் முன் அச்சும்

முன் டயர் இரண்டிலும் காற்றை கேஜ் வைத்துப் பாருங்கள், சுத்தியலால் தட்டிப் பார்ப்பது போதாது. 10.00-20 அளவு டயருக்குச் சுமையைப் பொறுத்து 100 முதல் 120 பிஎஸ்ஐ வரை தேவைப்படும். அதில் இருபது முப்பது குறைந்தாலே நின்ற இடத்தில் திருப்புவது கனத்துவிடும். அப்படியே முன் ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட், சென்டர் போல்ட் இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள். சென்டர் போல்ட் ஒடிந்து அச்சு நகர்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்குப் பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜாக்கி போட்டுப் பிரித்துப் பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் அச்சைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. இன்ஜினை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுழற்றுங்கள். தரையைத் தொடாத சக்கரம் சீராகத் திரும்ப வேண்டும். ஆகாயத்திலும் கனமாகவே இருந்தால் கோளாறு இரும்பில். ஆகாயத்தில் லேசாக இருந்து, இறக்கி இன்ஜின் ஓடும்போதும் கனம் என்றால் ஆயில் பக்கம் போகலாம்.

இரும்பில்தான் என்று தெரிந்துவிட்டால் டிராக் லிங்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். இப்போது அமைப்பு இரண்டு துண்டாகிவிட்டது. சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நகர மறுத்தால் கிங் பின் அல்லது டை ராடு (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) பந்து. சக்கரம் லேசாக நகர்ந்து, மேலே ஸ்டியரிங் மட்டும் இறுக்கம் என்றால் ஸ்டியரிங் காலமோ பாக்ஸோ. ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு இடத்தில் மட்டும் பிடித்து விடுகிறதா? அது ஸ்டியரிங் காலத்துக்குக் கீழே உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் இறுகிப்போனதன் அடையாளம். கேபின் அடியில் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் அது இருப்பதால் பழைய வண்டிகளில் துருப்பிடித்து நிற்பது சகஜம். ஜாயின்ட்டின் நடுவில் உள்ள கிராஸை மாற்றினால் தீர்ந்தது. அதே ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் பள்ளப்பகுதி இருக்கும், அதற்கும் கிரீஸ் வையுங்கள். கழற்றுமுன் ஜாயின்ட்டின் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) எந்த நிலையில் இருக்கின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாற்றிச் சொருகினால் புது ஜாயின்ட்டிலும் ஒரு கனம் ஒரு லேசு என்று மாறிமாறி வரும்.

கிங் பின்னுக்கு வருவோம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது ஹப் பேரிங்கா கிங் பின் புஷ்ஷா என்று குழம்ப வேண்டாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் ஹப் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பும்போது மேலும் கீழும் அசைந்தால் த்ரஸ்ட் பேரிங் (வண்டியின் எடையைத் தாங்கும் பேரிங்) தேய்ந்திருக்கிறது அல்லது ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு) குறைகிறது.

கிரீஸ் அடிப்பதில் ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். வண்டி தன் எடையோடு நிற்கும்போது த்ரஸ்ட் பேரிங் நசுங்கிய நிலையில் இருக்கும், கிரீஸ் உள்ளே போகாது. அச்சைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அடித்தால்தான் அங்கே போய்ச் சேரும். பழைய கறுப்புக் கிரீஸ் வழிந்து புது நிறம் தலைகாட்டும் வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் நிப்பிளை மாற்றுங்கள்; அடைத்த நிப்பிளின் மேலேயே கிரீஸ் துப்பாக்கியை அழுத்திவிட்டு "அடிச்சாச்சு" என்று துடைத்துப் போவதுதான் பாதி கிங் பின்களைக் கொல்கிறது.

ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 98ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் வெற்று ஆட்டம் இருக்கக்கூடாது என்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள வீலில் அது ஓரத்தில் சுமார் 13 செ.மீ. அந்த அளவு ஆட்டம் இருக்கும் வண்டியை நால்வழிச் சாலையில் நேராகப் பிடிப்பதே பெரும்பாடு, ஆகவே எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனை) வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பந்து இணைப்புகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாமல் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு.

ஆட்டத்தைத் தேட வண்டி தரையில் நிற்கட்டும், இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து வீலை இடமும் வலமும் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கீழிருந்து ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பாருங்கள். டிராப் ஆர்ம், டிராக் லிங்கின் இரு முனை, டை ராடின் இரு முனை, பிறகு பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள். ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையத் தாமதமாகும் இடம்தான் குற்றவாளி. பாக்ஸ் போல்ட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. போல்ட் தளர்ந்து பாக்ஸ் முழுவதுமே நகர்ந்துகொண்டிருக்கும், பெயிண்ட் உரிந்து துருத்தூள் கோடு தெரியும். தேய்ந்த பந்து முனைகளை மாற்றத்தான் வேண்டும். வாசர் வைத்து இறுக்குவது, வெல்டிங் வைப்பது எதையும் ஸ்டியரிங் உறுப்புகளில் அனுமதிக்காதீர்கள். டை ராடு முனை மாற்றினால் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும்) அளவையும் மறுபடி வைத்தாக வேண்டும், இல்லையென்றால் முன் டயர் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

ஆயில் என்ன சொல்கிறது

டப்பாவைத் திறந்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) ஆயில், சிவப்பாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் சூடேறியிருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை பொங்கினால் காற்று. வெள்ளித்தூள் மின்னினால் பம்பு உள்ளுக்குள் அரைந்துகொண்டிருக்கிறது, அதே தூள் பாக்ஸின் வால்வுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. யாராவது பிரேக் ஆயிலை ஊற்றியிருந்தால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் பாழாகும். அப்படி நடந்திருந்தால் முழு அமைப்பையும் கழுவி சீல்களை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அளவு குறைந்துகொண்டே இருக்கிறது, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்றால்? இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பல லாரி இன்ஜின்களில் பம்பு டைமிங் கியரிலோ ஏர் கம்ப்ரசருக்குப் பின்னாலோ ஓடுகிறது. அந்தப் பம்பின் ஷாஃப்ட் சீல் போனால் ஸ்டியரிங் ஆயில் நேராக இன்ஜின் சம்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கும். டப்பாவில் குறையக் குறைய டிப்ஸ்டிக்கில் ஏறும். பம்பு சீலை மாற்றி, இன்ஜின் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

நுரைக்குக் காரணம் பம்பின் உறிஞ்சும் பக்கத்து ஹோஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் ஓடும்போது அந்தப் பக்கம் ஆயில் வெளியே கசியாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். நிறுத்திவைத்த பிறகு ஒன்றிரண்டு சொட்டு ஈரம் தெரியும், அவ்வளவுதான். இன்ஜினை ஓடவிட்டு கிளிப் போட்ட இடங்களில் கெட்டியாகக் கிரீஸ் பூசுங்கள். பம்பின் முனகல் அடங்கினால் ஓட்டை அங்கேதான். பல வருஷம் சூட்டில் விறைத்த ரப்பரைக் கிளிப் முறுக்கி அடைக்கப் பார்க்காமல் ஹோஸையே மாற்றுங்கள்.

அழுத்தப் பக்கத்து ஹோஸில் கசிவு தேடும்போது கையை வைக்கவே கூடாது. நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் மயிரிழை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பார்க்கச் சின்னக் காயம்தான், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். ஓர் அட்டைத் துண்டை நகர்த்திப் பார்த்தால் போதும்.

ஆயில் மாற்றுவதும் காற்று எடுப்பதும்

முன் அச்சு தூக்கி, ஸ்டாண்டில் நிற்கட்டும். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, டப்பாவின் ரிட்டர்ன் வாயை அடைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இருபக்கமும் சுழற்றிப் பழைய ஆயிலை வெளியேற்றுங்கள். டப்பாவுக்குள் ஒரு ஃபில்டர் இருக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அது மாற்றப்படாமலே இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். புதியது போடுங்கள், டப்பாவின் அடியில் படிந்த சேற்றை டீசலால் கழுவித் துடையுங்கள்.

ஹோஸை மாட்டி, புது ஆயில் நிரப்பி, இன்ஜினை ஓட்டாமலே இருபக்கமும் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை சுழற்றுங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இன்ஜினை ஐடிலில் விட்டு அதையே திரும்பச் செய்யுங்கள், கடைசி முனையில் பிடித்து நிறுத்தாமல். பாக்ஸில் காற்று எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வந்ததும் மூடுங்கள். டப்பாவில் நுரை நிற்கும் வரை அவசரப்பட வேண்டாம். நுரையோடு ரோட்டுக்குப் போனால் பம்புதான் அடி வாங்கும்.

பம்பைச் சோதிப்பது

இதற்கு கேஜும் அடைப்பு வால்வும் சேர்ந்த கருவி வேண்டும். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மாட்டி, ஆயில் கை பொறுக்கும் சூடு தாண்டியதும், இன்ஜின் ஐடிலில் இருக்க வால்வை மூடுங்கள். அழுத்தம் பம்பின் தகட்டில் பொறித்திருக்கும் அளவைத் தொட வேண்டும். லாரிப் பம்புகளில் அது பெரும்பாலும் 100 பாருக்கு மேல்தான். வால்வை ஐந்து நொடிக்கு மேல் மூடி வைக்காதீர்கள், பம்பு அங்கேயே வெந்துவிடும்.

அளவு தொடவில்லை என்றால் உடனே புதுப் பம்பு வாங்கக் கிளம்ப வேண்டாம். பம்பின் பக்கத்தில் ஒரு பிளக்கைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் சிறிய உருளை வால்வும் வரும். அழுக்கு சிக்கி அந்த உருளை நடுவழியில் நின்றாலும் அழுத்தம் குறையும். மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் தடவி, அதன் துளைக்குள் விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். எமரித் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஓரம் போனால் வால்வு போனதுபோலத்தான். இதற்குப் பிறகும் அளவு வரவில்லை என்றால் பம்பு மாற்ற வேண்டியதுதான்.

கடைசியில் பாக்ஸ்

பம்பு சரி, கிங் பின் சரி, இன்னும் கனம் என்றால் பாக்ஸின் உள்கசிவைப் பாருங்கள். கேஜ் அப்படியே இருக்கட்டும், அடைப்பு வால்வு திறந்திருக்கட்டும். சக்கரம் அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டாப் போல்ட்டுக்கும் அது அச்சில் முட்டும் இடத்துக்கும் நடுவில் ஓர் அங்குல இரும்புக் கட்டையை வைத்து, சக்கரம் அதில் முட்டும் வரை திருப்பி அழுத்திப் பிடியுங்கள். கட்டையை வைக்கும்போது கையை அங்கே விட்டுவைக்க வேண்டாம். கட்டை இருப்பதால் லிமிட்டர் வால்வு திறக்காது, அழுத்தம் பம்பின் முழு அளவுக்கு ஏற வேண்டும். இரு பக்கமும் செய்து பாருங்கள். எந்தப் பக்கம் ஏறவில்லையோ அந்தப் பக்கம் உள்ளே ஆயில் நழுவுகிறது.

பாக்ஸை ஓவர்ஆல் செய்யக் கொடுக்கும்போது, முடித்த பின் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டுவார்களா என்று கேளுங்கள். வால்வு வைத்த பாக்ஸைக் கண்ணால் பார்த்துச் சேர்ப்பவரிடம் கொடுப்பதைவிட, கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் பெஞ்ச் உள்ள இடமே மேல். செக்டார் ஷாஃப்ட் சீல் மட்டும் கசிகிறது என்றால் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிலைக்காது.

பாக்ஸின் பக்க மூடியில் லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கிறதே, ரோட்டோரத்தில் ஆட்டத்தைக் "குறைக்க" எல்லோரும் முறுக்குவது அதைத்தான். இதைப் போல வண்டிகளைக் கெடுத்த ஸ்க்ரூ வேறொன்றில்லை. பற்கள் நேர் நிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும். சக்கரம் திரும்பியிருக்கும்போது முறுக்கினால் நேருக்கு வருகையில் இறுகிப் பல் அரையும், ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. மற்ற இணைப்புகள் எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, டிராக் லிங்கைக் கழற்றி, பாக்ஸை அதன் நடுநிலையில் வைத்து, டிராப் ஆர்மைக் கையால் ஆட்டிக்கொண்டே ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் திருப்பி, ஸ்க்ரூ நகராமல் பிடித்து லாக் நட்டை இறுக்க வேண்டும்.

முன் அச்சு தூக்கியிருக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் ஓடினால் வால்வு நடுநிலை தவறியிருக்கிறது. அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது

டிராப் ஆர்மைக் கழற்றப் புல்லர் போடுங்கள். காஸ் வைத்துச் சூடேற்றுவதும் சுத்தியலால் அடிப்பதும் ஷாஃப்டையும் உள் பேரிங்கையும் கெடுக்கும். அதன் பள்ளத்தில் உள்ள குறியை ஷாஃப்ட் குறியோடு பொருத்தி, நட்டை டார்க் ரெஞ்சில் புத்தக அளவுக்கு முறுக்கி, பூட்டுத் தகட்டையோ ஸ்பிளிட் பின்னையோ புதிதாகப் போடுங்கள். சக்கரம் நேராக இருந்து வீல் மட்டும் கோணலாக நின்றால் வீலைக் கழற்றித் திருப்பி மாட்டுவது தவறு, பாக்ஸின் நடுநிலை தப்பிவிடும். டிராக் லிங்கின் நீளத்தை மாற்றித்தான் நேராக்க வேண்டும். இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ஹோஸ் டயரிலோ சட்டத்திலோ உரசுகிறதா, சக்கரம் ஸ்டாப் போல்ட்டில் முட்டுமுன் அழுத்தம் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

வழியில் பிரஷர் ஹோஸ் வெடித்தால், கியரில் ஓடும் பம்பை ஆயில் இல்லாமல் ஓட்டிக்கொண்டே போகக்கூடாது, கொஞ்ச தூரத்திலேயே பிடித்துக்கொள்ளும். பம்பின் வெளிவாயிலிருந்து டப்பாவுக்கு ஒரு ஹோஸை நேராக இணைத்து, ஆயில் ஊற்றினால் பக்கத்துப் பட்டறை வரை கைபலத்தில் மெதுவாக ஓட்டிச் சேர்க்கலாம். லோடு வண்டி என்றால் அதுவும் வேண்டாம், ஹோஸை அங்கேயே வரவழையுங்கள்.

வேலை முடிந்து முதல் லோடு இறக்கி வந்ததும் டப்பா அளவையும், பாக்ஸ் போல்ட்டுகளையும், டிராப் ஆர்ம் நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது ஹோஸ் கிளிப்புகள் சூடேறி ஆறியபின் அரைச் சுற்று இறுக்கம் கேட்கும்.